பையோன் அற்ற பிரதேசம்

வாவிக்கரை விஞ்ஞான உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வு அங்கீகாரப் படிவத்தில் பதினான்காவது பெட்டியை வெறுமையாக விட முடியாது. ‘ஆய்வு நடைபெறும் இடம்’ என்பது அந்தப் பெட்டி. மற்றப் பெட்டிகள் விடயத்தில் நிறுவனம் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. ‘ஆய்வின் நோக்கம்’ என்ற இடத்தில் சென்ற வருடம் ஒருவர் தவறுதலாகத் தன் கைப்பேசி இலக்கத்தை எழுதிவிட்டார். அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஆய்வு இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது.

உதயரூபனின் ஆய்வு எந்த இடத்திலும் நடப்பதில்லை. அவன் பௌதிகவியல் பிரிவில் தற்காலிக உதவி விரிவுரையாளன். பையோன் என்ற மிகச் சிறிய துகள், ஈலியம், காபன் போன்ற இலேசான அணுக்களின் நடுவே இருக்கும் கருவில் போய் மோதினால் என்ன நடக்கும் என்று கணித்துப் பார்ப்பது அவன் வேலை. பட்டுத் தெறிக்குமா, உள்ளே புகுந்து மறையுமா, எந்தப் பக்கம் எவ்வளவு தெறிக்கும். அவன் ஒரு பையோனையும் பிடித்ததில்லை. பிடிக்கத் தேவையும் இல்லை. சமன்பாடுகளை எழுதிக் கணினியில் இட்டு, வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் எப்போதோ அளந்து வைத்த எண்களோடு தன் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பான். ஒத்துப்போன நாட்களில் வீட்டுக்குப் போகும் வழியில் கஜானிக்கு வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போவான். அவர்களுக்குக் கலியாணம் நடந்து ஏழு மாதம்.

முதல் தடவை அவன் பதினான்காவது பெட்டியில் ‘பொருந்தாது’ என்று எழுதினான். படிவம் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை ‘கணினி’ என்று எழுதினான். ‘கணினி எந்தப் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்குகிறது?’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மூன்றாம் தடவை நிறுவனத்தின் முகவரியையே எழுதினான். நிறுவனத்துக்குள் நடக்கும் எதுவும் பிரதேச மக்களுக்குப் பயன்பட்டதாக இதுவரை பதிவு இல்லை என்று சொல்லி அதையும் திருப்பிவிட்டார்கள்.

ஆய்வுக் கிளையில் இருந்த கைறுன்னிஸா அவன்மேல் இரக்கப்பட்டாள். காத்தான்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். பதினைந்து வருடமாகப் படிவங்களோடு வாழ்ந்து, அவற்றின் குணம் அறிந்தவள். இனி எழுத்தில் எழுதத் தேவையில்லை, கணினியில் ஒரு வரைபடம் வரும், அதில் ஓர் இடத்தில் குற்றிட்டால் போதும் என்று காட்டிக் கொடுத்தாள்.

“ஆனா சேர், நிலத்துல குத்தினா காணிக்காரர்ட சம்மதக் கடிதம் கேக்கும். கையெழுத்து இல்லாம மேல போகாது,” என்றாள். “பாத்துக் குத்துங்க.”

உதயரூபன் தேற்றாத்தீவில் தான் குடியிருக்கும் வீட்டு வளவை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த வளவு கஜானியின் பெயரில் இருந்தது. அந்தப் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதுவார்கள். கட்டுகிறவன் வந்து குடியிருப்பான். எல்லா ஆண்களும் செய்வதுதான். ஆனாலும் ஏழு மாத மாப்பிள்ளை, தலைக்கு மேல் கூரை தந்தவளிடமே போய், ‘என் காணியில் இவர் வேலை செய்யச் சம்மதம்’ என்று ஒரு கடிதம் எழுதித் தா என்று கேட்பதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் விரல் ஒரு அங்குலம் மேற்கே நகர்ந்தது. அங்கே நீல நிறம் இருந்தது. நீல நிறத்தில் குற்றிட்டபோது கணினி காணிக்காரரைக் கேட்கவில்லை. ‘நன்றி’ என்றது.

அது வாவி. வீட்டுக்குப் பின்னால், கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இடம். அந்த இடம் யாருடையது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கலியாணமான மறுநாள் மாமனார் வினாயகமூர்த்தி அவனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியிருந்தார். அவருடைய தகப்பன் வலை போட்ட இடம். இறால் ஒதுங்கும் இடம். உறுதிப் பத்திரம் இல்லை. ஆனால் வேறு யாரும் அங்கே வலை போடுவதில்லை. ஒரு புள்ளிதானே என்று உதயரூபன் நினைத்தான். அன்று எண்கள் ஒத்துப்போகாதபோதும் கச்சான் வாங்கிக்கொண்டு போனான்.

ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். தலைவி பேராசிரியர் மங்கையற்கரசி. ஆய்வு செய்வது எப்படி என்பது பற்றி நான்கு நூல்கள் எழுதி, அதனால் ஆய்வு செய்ய நேரம் கிடைக்காமல் போனவர். அவர் உதயரூபனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

“உங்களுடைய ஆய்வு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை,” என்றார். “விளங்குகிற ஆய்வுகளைத்தான் இந்தக் குழு நிராகரித்து வந்திருக்கிறது. விளங்கினால் பிழை தெரிந்துவிடுகிறது.”

விவசாயப் பிரிவிலிருந்து வந்த உறுப்பினர், இலேசான கருக்கள் என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, எடை குறைந்தவை பாதிக்கப்படக்கூடிய பிரிவில் அடங்கும் என்றார். அவற்றுக்குப் போசாக்கு ஏற்பாடு உண்டா என்று கேட்டார். முகாமைத்துவப் பிரிவு உறுப்பினர் ஆய்வு முடிந்தபின் பையோன்கள் எங்கே விடப்படும் என்று அறிய விரும்பினார். விடத் தேவையில்லை, ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் இருபத்தாறு பங்குதான் அதன் ஆயுள் என்று உதயரூபன் விளக்கினான். அந்த உறுப்பினர் தலையை மெல்ல ஆட்டி, அநியாயம் என்றார்.

அங்கீகாரம் அன்றே கிடைத்தது.

இரண்டு கிழமை கழித்து உதயரூபன் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கஜானி பின்வளவில் நின்றாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்க உடுத்துப் போன சேலையை இன்னும் மாற்றவில்லை. வாவிக்குள் கண்ணா மரங்களைச் சுற்றிப் பன்னிரண்டு கம்புகள் நட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நிறுவனத்தின் களப் பாதுகாப்பு உபகுழு காலையிலேயே வந்து போயிருந்தது. நடுவில் ஒரு பலகை. ‘இங்கு பையோன் இடைத்தாக்க ஆய்வு நடைபெறுகிறது. ஆட்களும் வலைகளும் உட்பிரவேசிக்கத் தடை.’

வினாயகமூர்த்தி கரையில் நின்று அந்தப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. மருமகனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் உதயரூபனுக்குப் பொறுக்கவில்லை.

“மருமகன், இது உங்கட வேலையாமே,” என்றார். “என்ட தண்ணியிலதானா அது ஓடுது?”

“ஓம் மாமா. அப்பிடித்தான் போட்டிரிக்காங்க,” என்றான் உதயரூபன்.

போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவன் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அன்றைக்கு அங்கே யாரும் அவனைத் தேடவில்லை.

ஒரு மாதத்தில் ஆய்வுத் தளம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. வீட்டுப் பின்வளவில் கொட்டகை போட்டார்கள். மேளம் வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். காற்றில் அது பதினொரு தடவை அணைந்ததால் பன்னிரண்டு பிரமுகர்களுக்கும் ஏற்ற வாய்ப்புக் கிடைத்தது. நிறுவனத்தின் பணிப்பாளர் வாவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உலகத்தில் எத்தனையோ வாவிகள் இருக்கின்றன. பையோன் நம்முடைய வாவியைத் தெரிவு செய்தது. இதற்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். அடக்கத்தோடு சொல்கிறேன், நான் எதுவும் செய்யவில்லை. பதினொரு வருடமாக நான் எதுவும் செய்யாமல் இருந்ததன் பலனைத்தான் நீங்கள் இன்று காண்கிறீர்கள்.”

கைதட்டல் எழுந்தது. பிறகு ‘சமூகப் பங்காளி’ என்ற வகையில் வினாயகமூர்த்தியை மேடைக்கு அழைத்து, நிறுவனத்தின் பெயர் பொறித்த வெள்ளைத் தொப்பி ஒன்றை அணிவித்தார்கள். பங்குபற்றியமைக்கான சான்றிதழும் கொடுத்தார்கள். எதில் பங்குபற்றினார் என்று அதில் இருக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் விடியுமுன் எழுந்து, தோணியைத் தெற்கே நெடுந்தூரம் கொண்டுபோகத் தொடங்கினார். அங்கே வேறு ஆட்களின் தண்ணீர். அவர்கள் வலை எடுத்த பிறகு மிச்சத்தில் இவர் போட வேண்டும். அறுபத்து மூன்று வயது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாயில்லாத வீட்டில் கஜானிதான் சமைத்தாள். மருமகனின் சோற்றுக் கோப்பையில் இறால் குறையாமல் இருந்தது. அந்த இறாலைப் பார்த்து உதயரூபன் தன்னைத் தேற்றிக்கொண்டான். எங்கே போட்டாலும் பிடிபடுகிறதுதானே என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை கஜானி பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கடதாசி வாங்கக் களுவாஞ்சிகுடிக்குப் போனாள். சந்தையில் அவளுடைய அப்பா குந்தியிருந்து இறால் விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் மறைந்து நின்று பார்த்தாள். அவர் இறாலைக் காசு கொடுத்து வாங்கி, பையிலிருந்து எடுத்துத் தன் மீன் பறிக்குள் போட்டு, அதன் மேல் கொஞ்சம் வாவிப் பாசியை இழுத்து மூடினார்.

அன்று பின்னேரம் அவள் அதை உதயரூபனிடம் சொன்னபோது அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவையே மறித்துக் கேட்டிருந்தாள். மருமகனின் வேலையால் வீட்டில் கறி குறைந்தது என்று மருமகனுக்குத் தோன்றிவிடக் கூடாதாம். மீனவர் சங்கத்தில் வேறு வேலை கேட்டுப் பார்க்கச் சொன்னதற்கு, மருமகன்ட படிப்பு பெரிசு புள்ள, தண்ணி எங்கயும் கிடக்கு என்றாராம்.

உதயரூபன் கட்டிலில் உட்கார்ந்தான். பதினான்காவது பெட்டியைப் பற்றிச் சொன்னான். நீல நிறத்தைப் பற்றியும் சொன்னான். தண்ணீருக்குள் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் கணினிக்குள்தான் என்றும் சொன்னான். கஜானி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“வளவு என்ட பேர்லதானே இரிக்கு,” என்றாள். “ஒரு கையெழுத்துக்கு என்னக் கேக்க உங்களுக்கு வெக்கம். அப்பாட தண்ணிய எழுதிக் குடுக்க வெக்கம் இல்ல.”

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

“அப்பாட்டச் சொல்லுங்க.”

முதலில் தண்ணீரைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு சொல்வதாக அவன் கெஞ்சினான்.

“தண்ணி திரும்பி வந்த பிறகு சொன்னா அது மன்னிப்புக் கேக்கிற இல்ல,” என்றாள் கஜானி. “அது செய்தி சொல்லுற.”

அவன் இரண்டு தடவை சொல்லப் போனான். முதல் தடவை வினாயகமூர்த்தி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே கதிரையை அவனுக்கு இழுத்துப் போட்டார். உதயரூபன் அதில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினான். இரண்டாம் தடவை வெயிலைப் பற்றிப் பேசினான். அதன் பிறகு நிறுவனத்தோடு போராடுவதே இலகு என்று அவனுக்குத் தோன்றியது. அவன் அப்போது நிறுவனத்தை நன்றாக அறிந்திருக்கவில்லை.

தளத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பித்தான். தளத்தை மாற்றுவதாயின் முன்னேற்ற அறிக்கை வேண்டும் என்றார்கள். அந்த அறிக்கையில் ‘இதுவரை சேகரிக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கை’ என்று ஒரு பெட்டி இருந்தது. பூச்சியம் என்று எழுதினான். கண்காணிப்பு உபகுழு ஆராய்ந்து பார்த்துவிட்டு, பூச்சியம் வந்ததற்குத் தளம் சிறிதாக இருப்பதே காரணம் என்று கண்டது. மறுநாள் மேலும் எட்டுக் கம்புகள் வந்தன. காவலுக்கு இரண்டு பேரையும் நியமித்தார்கள். அவர்கள் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து, பையோன் எந்த நேரத்தில் வரும் என்று கஜானியிடம் விசாரித்துக்கொண்டு, அவள் போட்ட தேநீரைக் குடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வலையும் இப்போது நாடாவுக்குள் அகப்பட்டது. அவர் வந்து வினாயகமூர்த்தியிடம் முறையிட்டார். வினாயகமூர்த்தி மருமகனுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். உதயரூபன் அதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

அன்றே அவன் கடிதம் எழுதினான். இந்த ஆய்வு வெறும் கணிப்பு, வாவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் தெரிந்துகொண்டே பிழையான இடத்தைக் குறித்தேன், எந்தத் தண்டனையும் ஏற்கிறேன், தடையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். கைறுன்னிஸா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“சேர், இத நான் கோப்புக்குள்ள போட்டா விசாரணைக் குழு வரும்,” என்றாள். “விசாரணை முடியுமட்டும் தளத்த ஆரும் தொடப்படாது. அது சட்டம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“அப்ப உண்மையச் சொன்னா தடை கூடுமா?”

“உண்மைக்கு எங்களுக்கிட்டப் படிவம் இல்ல சேர். படிவம் இல்லாதது எல்லாம் விசாரணைக்குத்தான் போகும்.”

அவன் போடச் சொன்னான். சங்கிலியும் பூட்டும் வந்தன. தண்ணீரைச் சுற்றி எப்படிச் சங்கிலி பூட்டுவது என்று தெரியாமல், தோணியைக் கட்டிப் பூட்டினார்கள். இப்போது வினாயகமூர்த்திக்குத் தெற்கேயும் போக வழியில்லை. பிறருடைய தோணியில் கூலிக்கு ஏறிப்போனார்.

கடிதம் போட்ட ஆறாம் கிழமை விசாரணைக் குழு தளத்துக்கு வந்தது. அங்கீகாரம் வழங்கிய அதே ஏழு பேர்தான். கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வேறு எவருக்கும் தெரியாததால் வேறு ஆட்களை நியமிக்க முடியவில்லை. மீண்டும் கொட்டகை, கதிரைகள், தேநீரோடு கடிக்கப் பற்றீஸ். சமூகப் பங்காளியைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வினாயகமூர்த்தி வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, கொட்டகைக் கம்போடு சாய்ந்து நின்றார். கஜானி சமையலறை வாசலில் நின்றாள்.

மாமாவிடம் முன்கூட்டியே சொல்ல உதயரூபனுக்கு அன்று காலை வரை நேரம் இருந்தது. அவன் அதைப் பல் துலக்குவதிலும் சப்பாத்துத் துடைப்பதிலும் கழித்தான். இப்போது ஏழு பேர் முன்னால், காவல்காரர் முன்னால், பற்றீஸ் கொண்டுவந்த கடைக்காரர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். நான்தான் குற்றிட்டேன் என்றான். இது என் மாமா வலை போடும் இடம் என்று தெரிந்துதான் குற்றிட்டேன் என்றான். ஒரு கையெழுத்துக் கேட்க வெட்கப்பட்டு இதைச் செய்தேன் என்றான். மேடையில் நிற்கிற ஆள் போல நேரே பார்த்துச் சொன்னான். பக்கவாட்டில் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பக்கவாட்டில் வினாயகமூர்த்தி தொப்பியைக் கழற்றுவது தெரிந்தது. கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் மங்கையற்கரசி மற்ற ஆறு பேருடனும் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத் திரும்பினார்.

“நீங்கள் படிவத்தில் பொய் எழுதியதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் குழுவுக்கு ஒரு சிக்கல் உண்டு. படிவம் பொய் என்றால், அதை அங்கீகரித்த நாங்கள் கவனமில்லாதவர்கள். கடிதம் பொய் என்றால், நீங்கள் மட்டும் கவனமில்லாதவர். நீண்ட ஆலோசனைக்குப் பின் குழு இரண்டாவதையே விரும்புகிறது.”

ஆகவே ஆய்வு இங்கேதான் நடந்தது, இப்போது வெற்றிகரமாக முடிந்துவிட்டது என்று தீர்மானிக்கப்பட்டது. முடிந்த ஆய்வின் தளத்தை மூடலாம். தளம் மூடும் சான்றிதழில் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. தலைவி அதைச் சத்தமாக வாசித்தார்.

“இத்தளத்தில் ஆய்வுப் பொருள் ஏதும் எஞ்சியுள்ளதா? ஒரேயொரு பையோன் எஞ்சியிருந்தாலும் ஒன்பதாம் விதிப்படி இந்த இடம் ஏழு வருடத்துக்கு மூடப்பட்டிருக்கும். விஞ்ஞானி என்ற வகையில் யோசித்துச் சொல்லுங்கள். உள்ளதா, இல்லையா?”

உதயரூபன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. அவனுக்குப் படிப்பு நினைவு வந்துவிட்டது.

எங்கோ தொலைவிலிருந்து வரும் கதிர்கள் வானத்தின் உச்சியில் காற்றோடு மோதுகின்றன. மோதும் இடத்தில் பையோன்கள் பிறக்கின்றன. பெரும்பாலானவை வரும் வழியிலேயே அழிந்துவிடும். ஆனால் காற்றின் கீழ்ப்பகுதியில் பிறப்பவை சில, தரைக்கும் வந்து சேரும். தண்ணீரிலும் விழும். தண்ணீரில் இருக்கும் ஒட்சிசன் கருவும் இலேசான கருதான். அவன் கணினிக்குள் இரண்டு வருடமாகக் கணித்துக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணா மரத்தடியில் எவருடைய அங்கீகாரமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பதினான்காவது பெட்டியில் அவன் எழுதியது அவன் நினைத்த அளவுக்குப் பொய் இல்லை.

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாகத் திரும்பி மாமாவைப் பார்த்தான். வினாயகமூர்த்தியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை,” என்றான் உதயரூபன். கையெழுத்து வைத்தான். திகதியும் போட்டான்.

அடுத்த கிழமை நிறுவனம் பத்திரிகையாளரை அழைத்தது. அந்த வாவிப் பகுதியைக் கிழக்கின் முதலாவது பையோன் அற்ற பிரதேசமாகப் பணிப்பாளர் பிரகடனம் செய்தார். மற்ற மாவட்டங்கள் இன்னும் இந்த நிலையை அடையவில்லை என்று கவலையோடு சொன்னார். பழைய பலகையைக் கழற்றிப் புதிய பலகை நட்டார்கள். தளம் மூடலில் சிறந்த சேவைக்காக உதயரூபனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அவனுடைய தற்காலிகப் பதவி இன்னும் ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக நீடிக்கப்பட்டது. சந்தையில் ஒரு வியாபாரி பையோன் இல்லாத இறால் என்று அட்டை எழுதி வைத்ததாகக் கைறுன்னிஸா வந்து சொன்னாள். அவன் சிரிக்காததைக் கண்டு அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கம்புகளும் சங்கிலியும் போய்விட்டன. வினாயகமூர்த்தி தன் தண்ணீரில் வலை போட்டார். இறால் வந்தது. ஆனால் அவர் மருமகனோடு பேசவில்லை. ஏசவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்தால் தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். கஜானி இருவருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டுக்கொண்டு திரிந்தாள். நான் கதைச்சுப் பாக்கவா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். வேண்டாம், இது எனக்கு வேண்டும் என்றான் அவன். அவள் அவன் தலைமயிரைக் கோதிவிட்டுப் போனாள். எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. கணினியைத் திறந்து வைத்துவிட்டு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை நடந்து பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வினாயகமூர்த்தி பின்வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“மருமகன். தோணி தள்ள ஓராள் வேணும்.”

அவர் ஒருநாளும் தோணி தள்ள ஆள் தேடியதில்லை. உதயரூபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். தோணி கண்ணா மரங்களுக்குக் கிட்டப் போனது. அங்கே அவர் கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தி, அதை மருமகன் கையில் கொடுத்தார்.

“அண்டைக்கு அந்த அம்மா கேக்கக்குள்ள நீ தண்ணியப் பாத்தாய். மறுகா என்னப் பாத்தாய். அதுக்குப் பிறகுதான் இல்ல எண்டாய்.”

அவர் அவனை நீ என்று அழைப்பது இதுதான் முதல் தடவை.

“ஓம் மாமா.”

“அப்ப இரிக்கு.”

“இரிக்கு மாமா. மேல இருந்து விழும்.”

“எத்தின?”

இரண்டு வருடத்தில் அவனுடைய வேலையைப் பற்றி ஒரு மனிதர் கேட்ட முதலாவது சரியான கேள்வி அது. உதயரூபன் தண்ணீரின் பரப்பைக் கண்ணால் அளந்தான். கணக்கு சரியாகச் சொல்ல ஏலாது, ஆனாலும் இந்த இடத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் இருக்கும் என்றான். கதைக்கிற இந்த நேரத்துக்குள்ளும் விழுந்திருக்கும் என்றான். வினாயகமூர்த்தி தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறாலுக்கு ஏதும் வருமா என்று கேட்டார். ஒன்றும் வராது, உலகம் உண்டான நாளிலிருந்து விழுகிறது என்றான் மருமகன்.

“விழுந்து என்ன செய்யும்?”

“சிலது தண்ணிக்குள்ள கருவில படும் மாமா. கரு அத விழுங்கிப் போடும். ஆனா உள்ளுக்க இரிக்கிற துகள் ஒண்டு தனிய விழுங்க ஏலாது. ரெண்டு சேரோணும். ரெண்டும் சேந்து விழுங்கிப்போட்டு, ரெண்டும் ரெண்டு பக்கமாத் தெறிச்சு ஓடும்.”

வினாயகமூர்த்தி வலையை மடியிலிருந்து எடுத்து, சிக்கு இல்லாத இடத்திலும் சிக்கு எடுத்தார்.

“நீ பொய் சொல்லப் போறாய் எண்டு எனக்கு விளங்கினது,” என்றார். “நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. எனக்குத் தண்ணி வேணும் எண்டு பேசாம நிண்டன்.”

உதயரூபன் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“ஒம்பது நாளா நான் கதைக்காதது கோவத்தில எண்டுதானே நினைச்சிருப்பாய்.”

“ஓம் மாமா.”

“முதல் மூணு நாள் கோவம்தான்.”

சொல்லிவிட்டு அவர் வலையை இறக்கத் தொடங்கினார். உதயரூபன் கம்பை ஊன்றித் தோணியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தான். வெயில் ஏறி, பையோன் விழுகிற வானம் ஒரு முகிலும் இல்லாமல் திறந்து கிடந்தது. வலை முழுவதும் தண்ணீருக்குள் போய் முடியும்வரை இருவரும் குனிந்தே இருந்தார்கள். நிமிர்ந்து மேலே பார்க்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.